அரை மைல் தள்ளி நின்ன தீவு

எங்க தெருமுனையில கறிக்கடை வெச்சிருக்கிற பாய் என்னைப் பார்க்கிறப்பல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பாரு. "இன்னா கேப்டன் சார், நடுக்கடல்ல ரோடு எப்படித் தெரியும் உங்களுக்கு?" நான் எந்தக் காலத்துலயும் கேப்டனா இருந்ததில்ல. ரொம்ப வருஷம் செகண்ட் ஆபீசர், கடைசியில கொஞ்ச காலம் சீஃப் ஆபீசர், அவ்ளோதான். சொன்னா அவர் காதுலயே போட்டுக்க மாட்டாரு. ஆம்பூர்ல கப்பலுக்குப் போனவன் எல்லாம் கேப்டன், ஷூ கம்பெனிக்குப் போனவன் எல்லாம் சூப்பர்வைசர். அரைக் கிலோ வாங்கப் போன இடத்துல கடல் ரோட்டைப் பத்திப் பாடம் எடுக்க முடியுமா? "இருக்குது பாய், பெரிய கதை"ன்னு சொல்லிட்டு வந்துடுவேன்.

போன மாசம் என்கிட்ட வேலை பார்த்த பையன் ஒருத்தன், இப்ப சீஃப் ஆபீசர், கப்பல்ல இருந்து போன் பண்ணான். கப்பல்ல இருக்கிற எலக்ட்ரானிக் வரைபடமெல்லாம் புது ரகத்துக்கு மாறப் போகுதாம். ஆழம், நீரோட்டம், அலை எல்லாம் ஒரே திரையில ஒண்ணு மேல ஒண்ணா வருமாம். "சார், நீங்க பேப்பர்ல இருந்து திரைக்கு மாறினப்போ இருந்த ஆளு. நம்ம க்ரூப்புக்கு சின்னதா ஒண்ணு எழுதித் தாங்க சார்"னான். சின்னதா எழுத எனக்கு வராது. வேணும்னா படிங்க, வேணாம்னா தள்ளிட்டுப் போங்க.

எங்க அப்பா தோல் பதப்படுத்தற டேனரியில சுண்ணாம்புத் தொட்டியில நின்னவரு. நான் பன்னெண்டாவது முடிச்சுட்டு ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷன்ல இருந்தேன். மாமா பையன் ஒருத்தன் மூலமா கப்பலுக்கு டெக் ஆளாப் போனேன். தண்ணியே ஓடாத பாலாத்தைப் பார்த்து வளர்ந்தவன், முதல் மாசம் பூரா வாந்தி. அப்புறம் துரு சுரண்டினேன், பெயின்ட் அடிச்சேன், பரீட்சை எழுதினேன், ஃபெயில் ஆனேன், திரும்ப எழுதினேன். தலையில நரை வந்த பிறகுதான் தோள்பட்டையில ஆபீசர் பட்டை வந்துச்சு. அந்தக் கதை இவ்ளோ போதும்.

செகண்ட் ஆபீசர்னா கப்பல் போற வழியைப் போடறவன். வரைபடத்தைப் பார்த்துக்கிறது அவன் பொறுப்பு. அந்தக் காலத்துல பேப்பர். கட்டில் அகலத்துக்கு ஒவ்வொரு ஷீட்டும் இருக்கும், கப்பலுக்கு நூத்துக்கணக்குல. எங்கயாவது ஒரு விளக்கு மாறுனா, ஒரு கப்பல் முழுகினா, வாராவாரம் திருத்தம் வரும். ஊதாக் கலர் பேனாவால கையாலயே போடணும். முதுகு ஒடிஞ்சு போகும். அதுல நம்ம கப்பல் எங்க இருக்குன்னு பென்சில் புள்ளி வைக்கிறதும் நாங்கதான். புள்ளி வெச்சு முடிக்கறதுக்குள்ள கப்பல் அதைத் தாண்டிப் போயிருக்கும்.

அப்புறம் எக்டிஸ் வந்துச்சு. எலக்ட்ரானிக் கடல் வரைபடத்தைக் காட்டுற கம்ப்யூட்டர், அதுக்கு எங்க பேரு எக்டிஸ். முதல் நாள் அதைப் பார்த்துட்டு நான் வாயைப் பொளந்துட்டேன், பொய் சொல்லல. கறுப்புக் கலர்ல சின்னதா ரெண்டு வட்டம், அதான் நம்ம கப்பல். அதுவா நகருது! செயற்கைக்கோள் சொல்ல, திரை கேட்டுக்குது. நம்ம கப்பல் மிதக்க எவ்ளோ ஆழம் வேணும்னு நாம ஒரு நம்பரைக் குடுத்தா, அதுக்குக் கம்மியான இடத்தை எல்லாம் நீலமா அடிச்சுக் காட்டும். அந்தப் பக்கம் மூக்கை நீட்டினாலே பீப் பீப்னு கத்தும். அடேங்கப்பா, இதை எவன்டா கண்டுபிடிச்சான்னு அன்னைக்குப் பூரா அதையே சுத்திச் சுத்தி வந்தேன். இன்னைக்கும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரல.

ஆனா ஒரு சந்தேகம் எனக்கு ஆரம்பத்துலயே இருந்துச்சு. அது கட்டிங் செக்‌ஷன்ல பொறந்த சந்தேகம். நான் அங்க இருந்தப்போதான் தோலை வெட்ட அளவா வைக்கிற அட்டை பேட்டர்னை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. ஒரு அட்டை ஓரத்துல நூல் அளவு தேஞ்சு போயிருந்துச்சு. கம்ப்யூட்டர் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்து ரொம்ப சுத்தமா வெட்டித் தள்ளிடுச்சு. கையால வெட்டினவன் தப்பு பண்ணா கோணலா இருக்கும், பார்த்தாலே தெரியும். மெஷின் தப்பு பண்ணா தப்பே அழகா இருக்கும். திரையிலயும் அதே சங்கதிதான். பேப்பர் மேல பூதக்கண்ணாடி வெச்சா மை திட்டுத் திட்டாத் தெரியும், இதுக்கு மேல நம்பாதேன்னு அதுவே சொல்லிடும். திரையில எவ்ளோ பெருசாக்கினாலும் கோடு கத்தி மாதிரி நிக்கும். சின்னப் பசங்க அதை ஜூம் பண்ணி ஜூம் பண்ணிப் பார்க்கிறப்போ எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஜூம் பண்ணா உண்மை பெருசாயிடுமா?

இந்தச் சந்தேகத்தை ஒரு வேலை முறையாவே மாத்தி வெச்சிருந்தவங்க எங்க கேப்டன் எஸ்தர் மேடம். வேலூர் சத்துவாச்சாரிக்காரங்க. அம்மா நர்ஸ். என்னைவிட வயசுல சின்னவங்க. மத்தவங்க முன்னாடி என்னை "செகண்ட்"னு கூப்பிடுவாங்க, தனியா இருந்தா "தாமோதரண்ணே". குரல் ஏறவே ஏறாது. கோவம் வந்தா "தயவுசெஞ்சு"ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த வார்த்தையைக் கேட்டாலே கப்பல்ல அத்தனை பேருக்கும் வேர்க்கும்.

அவங்களுக்கு ஒரு பழக்கம். கரை தெரியற தூரத்துக்கு வந்துட்டா, கழுத்துல போட்டிருக்கிற வெள்ளைத் துண்டை எடுத்து எக்டிஸ் திரை மேல போட்டு மூடிடுவாங்க. "செகண்ட், முதல்ல ஜன்னல்ல இன்னா தெரியுது சொல்லுங்க." மலை, கலங்கரை விளக்கம், மீன்பிடி படகு, தெரியறதைச் சொல்லணும். "இப்ப ரேடார்." தூரத்தையும் திசையையும் சொல்லணும். "இதை வெச்சு நாம எங்க இருக்கோம்?" அதையும் சொன்ன பிறகுதான் துண்டு விலகும். திரை சொல்றதும் நாம சொன்னதும் ஒத்துப் போகணும். போகலன்னா யார் மேல தப்புன்னு தெரியற வரைக்கும் ஒரு அடி முன்னாடி வைக்க விடமாட்டாங்க. மத்த கப்பல்காரங்க "துண்டு கேப்டன்"னு கிண்டல் பண்ணுவாங்க. அவங்க காதுக்கும் வந்துச்சு. "தலையில போட்டுக்கிற துண்டு இல்லியே, போர்த்திக்கிற துண்டுதானே, பரவால்ல"ன்னு சிரிச்சாங்க.

அந்தக் கப்பல்ல இன்ஜின் ரூம்ல மோட்டார்மேனா இருந்தவன் ஜாஃபர். வாணியம்பாடிக்காரன், என் தோஸ்து. அவ்ளோ பெரிய உலகத்துல, அவ்ளோ பெரிய கப்பல்ல, ஆம்பூர்க்காரனும் வாணியம்பாடிக்காரனும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து பிரியாணியில எந்த ஊர் ஒஸ்தின்னு சண்டை போட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தோம். "உங்க ஊர்ல ஒண்ணு மசாலா கம்மி, இல்லன்னா வாய் ஜாஸ்தி"ம்பான். பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க. கடல் சம்பளத்துல வீடு கட்டிக்கிட்டு இருந்தான்.

பசிஃபிக்ல, சரக்கை இறக்கிட்டு வெறும் கப்பலா திரும்பிக்கிட்டு இருந்தோம். ஜாஃபருக்கு வயித்து வலி. முதல்ல சூட்டு வலின்னு மோர் குடிச்சுப் பார்த்தான். மறுநாள் ஜுரம். அதுக்கு அடுத்த நாள் வலது பக்கம் அடிவயிறு பலகை மாதிரி ஆயிடுச்சு, தொட விடல. சேட்டிலைட் போன்ல கரையில இருக்கிற டாக்டர்கிட்ட கேட்டோம். மேடம் ஒவ்வொரு கேள்விக்கும் நர்ஸோட பொண்ணாவே பதில் சொன்னாங்க. டாக்டர் சொன்னது ஒண்ணுதான்: குடல்வால் சீழ் பிடிச்சிருக்கு, வெடிக்கறதுக்குள்ள ஆபரேஷன், இல்லன்னா ஆள் தங்க மாட்டான்.

ஹெலிகாப்டர் வர்ற தூரமில்ல. ஆனா ஒரு நாள் ஓட்டத்துல ஒரு தீவு இருந்துச்சு. சுத்தியும் பவளப்பாறை வேலி போட்ட சின்னத் தீவு. அதுல ஒரு ஆஸ்பத்திரி, ஆபரேஷன் பண்ற டாக்டரும் இருக்காரு. துறைமுகம்னு ஒண்ணும் கிடையாது. தீவுக்காரங்க ரேடியோவுல, "எங்க படகு வரும். ஆனா மேற்குப் பக்கம் பாறை உள்வாங்கி இருக்கிற இடத்துலதான் அலை அடங்கி இருக்கும். அதுக்கு வெளியே வந்தா ஸ்ட்ரெச்சரை ஏத்த முடியாது. கப்பல் கிட்ட வரணும்"னாங்க. எவ்ளோ கிட்ட? பாறையில இருந்து அரை மைல். அவ்ளோ பெரிய கப்பலுக்கு அது வாசப்படி தூரம்.

நான் வழியைப் போட்டேன். எக்டிஸ்ல அந்த வழியைச் சோதிக்கச் சொன்னா, தடங்கல் எதுவும் இல்லன்னு பச்சைக் கொடி காட்டுச்சு. கூடவே வரைபடத்தோட தரத்தையும் பார்த்தேன். அளவெடுத்தது எவ்ளோ நம்பகம்னு திரையில நட்சத்திரம் போட்டுக் காட்டும். நல்ல இடத்துல ஆறு நட்சத்திரம் இருக்கும். இங்க ரெண்டே ரெண்டு. மேடம்கிட்ட காட்டினேன். உத்துப் பார்த்துட்டு, "யார் அளந்ததுண்ணே இது?"ன்னு கேட்டாங்க. க்ளிக் பண்ணிப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கும் மேல ஆன அளவை. பாய்மரக் கப்பல்ல வந்து, கயித்துல ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, ஆழம் பார்த்துக் குறிச்சது. அதைத்தான் பேப்பர்ல அச்சடிச்சு, பேப்பர்ல இருந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி, நம்மகிட்ட குடுத்திருக்காங்க.

காலையில தீவு தெரிஞ்சுது. கண்ணுக்கு நேரா சூரியன், அதுக்குக் கீழ பென்சில் கோடு மாதிரி தென்னமரங்க. மேடம் துண்டை எடுத்துத் திரை மேல போட்டாங்க. "ரேடார் தூரம் சொல்லுங்க." சொன்னேன். துண்டை விலக்கினாங்க. திரையில தீவு அரை மைலுக்கும் மேல தள்ளி நின்னுச்சு. நிஜத் தீவு எங்களுக்குக் கிட்ட இருக்கு, திரையில இருக்கிற தீவு எட்ட இருக்கு. ரெண்டாவது ரேடாரைப் பார்த்தோம், அதுவும் கிட்டத்தான்னு சொல்லுச்சு. ஜி.பி.எஸ். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போச்சு. அப்படின்னா கப்பல் இருக்கிற இடம் சரி. தீவுதான் தப்பான இடத்துல வரையப்பட்டிருக்கு.

அரை மைல் தள்ளி நிக்கலாம்னு நான் வழி போட்டிருந்தேன்ல? அந்த வழியில கண்ணை மூடிக்கிட்டுப் போயிருந்தா, திரை சொல்ற அரை மைல்ல கப்பல் பாறை மேல உட்கார்ந்திருக்கும். அது வரைக்கும் ஒரு அலாரம் அடிச்சிருக்காது. அதுக்குத் தெரிஞ்சு அங்க ஆழக்கடல்.

மேடம், "ரேடார் படத்தை வரைபடம் மேல போடுங்க"ன்னாங்க. அப்படிப் போடற வசதி இருக்கு. போட்டேன். நான் வாழ்க்கையில பார்த்த அதிசயம் அதுதான். ரேடார்ல தெரியற தீவோட விளிம்பும், வரைபடத்துல இருக்கிற விளிம்பும் ஒரே உருவம். வளைவுக்கு வளைவு, பல்லுக்குப் பல். அந்த உள்வாங்கின இடம், தெற்கால நீட்டிக்கிட்டு இருக்கிற மூக்கு, எதுவும் பிசகல. கார்பன் பேப்பர் நழுவின மாதிரி மொத்தமும் அப்படியே அரை மைல் கிழக்கால தள்ளியிருக்கு, அவ்ளோதான். அந்தக் காலத்து ஆளுங்க நட்சத்திரத்தையும் கடிகாரத்தையும் வெச்சுத் தீவோட இடத்தைக் குறிச்சாங்க. அந்தக் கடிகாரம் ஒரு துளி பிசகியிருக்கு, அதான் இடம் மாறிடுச்சு. ஆனா துடுப்புப் படகுல சுத்திச் சுத்தி வந்து வரைஞ்ச உருவத்துல ஒரு குறை இல்ல. எக்கோ சவுண்டர்னு ஆழம் பார்க்கிற மெஷின் இருக்கு. அது காட்டுற ஆழத்தையும், வரைபடத்தை அரை மைல் நகர்த்திப் பார்த்தா வர்ற ஆழத்தையும் நான் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே வந்தேன். ஒத்துப் போச்சு. அடுத்ததும் ஒத்துப் போச்சு. பேர் தெரியாத எவனோ ஒருத்தன் ஈரக் கயித்தைப் பிடிச்சு எண்ணினதை எங்க மெஷின் திரும்பச் சொல்லுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "யப்பா, மனுஷங்களாடா நீங்க"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

அப்போ இன்னா, வரைபடத்தை முழுக்க அரை மைல் நகர்த்திப் பார்த்துக்கிட்டு உள்ள போக வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். மேடம் திரையில ஒரு சின்னக் குறியைத் தொட்டாங்க. தனியா நிக்கிற பாறைக்கான குறி. "இது?"

படகு வர்ற இடத்துக்கும் எங்களுக்கும் நடுவுல இருந்துச்சு அது. க்ளிக் பண்ணேன். அதை அந்த ஈயக்குண்டுக்காரங்க அளக்கல. பின்னாடி எப்பவோ அந்தப் பக்கமாப் போன ஒரு கப்பல், "இங்க மேடா இருக்கு"ன்னு ரிப்போர்ட் பண்ணியிருக்கு. ஆழம் நாலு மீட்டர், இடம் தோராயம். எங்க கப்பலுக்கு வெறுமனே வந்தாலும் ஏழு மீட்டர் தண்ணி வேணும்.

"அண்ணே, தீவை நகர்த்தறோம். இந்தப் பாறையை அதோட சேர்த்து நகர்த்தறதா, இருக்கிற இடத்துலயே விடறதா?"

தீவுக்காரங்களை ரேடியோவுல கேட்டோம், அவ்ளோ அடியில இருக்கிற பாறை எங்க சின்னப் படகுக்கு இடிக்காது, கவனிச்சதில்லன்னாங்க. யாருக்கும் தெரியாது. அந்தக் கப்பல்காரன் தீவைப் பார்த்துக் கணக்கு போட்டிருந்தா பாறை தீவோட நகரும். நட்சத்திரத்தைப் பார்த்துப் போட்டிருந்தா நகராது. ரெண்டும் இல்லாம வேற எங்கயாவதும் இருக்கலாம்.

பவளப்பாறையைக் கண்ணால பார்க்க முடியும். தண்ணியோட நிறம் மாறும். ஆழம் கருநீலம், மேடு வெளிர்பச்சை, ரொம்ப மேடுன்னா பழுப்பு. ஆனா சூரியன் உச்சியில இருக்கணும், இல்லன்னா முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். காலையில நாங்க கிழக்கப் பார்த்துப் போறோம். கடல் பூரா வெள்ளித் தகடு, ஒண்ணும் தெரியாது. மேடம் இன்ஜினை நிறுத்தச் சொன்னாங்க. "வெயில் ஏறட்டும். சூரியன் தலைக்கு மேல தாண்டின பிறகு போவோம்."

எங்க ரெஸ்க்யூ போட்டை இறக்கலாமான்னு கேட்டாங்க சிலர். கப்பல் பக்கவாட்டுல அலை ஏறி இறங்கின உயரத்தைப் பார்த்துட்டு அவங்களே வேணாம்னுட்டாங்க. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். "மேடம், அவன் அதுவரைக்கும் தாங்குவானா? கீழ வந்து அவன் மூஞ்சைப் பாருங்க."

"பதறாத காரியம் சிதறாதுண்ணே."

"இங்க சிதறப் போறது அவன் வயிறு மேடம்!"

கப்பலை ஓட்டற பிரிட்ஜ்ல அப்படி யாரும் கேப்டன்கிட்ட பேசக் கூடாது. நான் பேசினேன். இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் பேசுவேன். அவங்க என் கண்ணைப் பார்த்தே சொன்னாங்க: "கப்பல் பாறையில ஏறிடுச்சுன்னா அவனைப் படகுல இறக்க யாரும் இருக்க மாட்டாங்க. அவன் கூட இருபது பேர் இருக்காங்க. தயவுசெஞ்சு, செகண்ட், போய் அவன் பக்கத்துல உட்காருங்க."

கீழ போனேன். ஜாஃபர் முழங்காலை மடக்கிக்கிட்டு ஒருக்களிச்சுப் படுத்திருந்தான். உதடு வெடிச்சுப் போயிருந்துச்சு. இன்ஜின்காரன் இல்லியா, கட்டில் அதிர்வு நின்னதுமே அவனுக்குத் தெரிஞ்சிருச்சு. "இன்னா தாமு, மெஷின் நின்னு போச்சு? டீசல் தீந்துச்சா?"

நான் விஷயத்தைச் சொன்னேன், மறைக்கல. பாறை, வெயில், எல்லாம். கேட்டுக்கிட்டே இருந்தான். "எவ்ளோ நேரம்?"னான். மத்தியானம் ஆயிடும்னேன். கண்ணை மூடிக்கிட்டான். "சரி, மேடம் சொன்னா சரிதான்"னு சொல்லிட்டு என் கையைப் பிடிச்சான் பாருங்க, எலும்பு நொறுங்கற மாதிரி. நடுவுல ஒரு தடவை உடம்பு தூக்கிப் போட்டுச்சு. அப்புறம் திடீர்னு, "தாமு, வலி கம்மியாயிடுச்சுடா"ன்னான். எனக்கு சந்தோஷம். ஓடிப் போய் மேடம்கிட்ட சொன்னேன். அவங்க முகம் வெளுத்துப் போச்சு. நர்ஸோட பொண்ணுக்குத் தெரியும், அந்த வலி அப்படிக் குறையறது நல்லதுக்கில்லன்னு. வெடிச்சுடுச்சு. அப்பவும் சூரியன் ஏறி முடிக்கல. அவங்க ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மேல பார்த்துக்கிட்டே நின்னாங்க. உள்ள போங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல.

நிழல் எங்களுக்கு முன்னாடி விழ ஆரம்பிச்சதும் இன்ஜினைப் போட்டாங்க. என்னை முன்மூக்குக்கு அனுப்பினாங்க, கையில வாக்கி டாக்கி. கப்பல் நடக்கிற வேகத்துல போச்சு. கீழ தண்ணி கண்ணாடி. அவ்ளோ ஆழத்துலயும் கப்பல் நிழல் விழறது தெரிஞ்சுது. தூரத்துல பாறை வேலி மேல அலை வெள்ளையா உடையுது. திரையைக் கேட்டா நாங்க இன்னும் ஒரு மைல் வெளியில, நிம்மதியான கடல்ல இருக்கோம்னு சொல்லும்.

பார்த்தேன். கருநீலத்துக்கு நடுவுல ஒரு வெளிர்பச்சைத் திட்டு. அதுக்கு நட்ட நடுவுல பழுப்பு. எங்க மூக்குக்கு நேரா! தீவோட நகர்த்தின இடத்துலயும் இல்ல, திரையில இருந்த இடத்துலயும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல, காலையில போயிருந்தா சரியா அது மேல ஏறியிருப்போம். "மேடம், நேரா முன்னாடி, நேரா முன்னாடி! இடது பக்கம் திருப்புங்க!" கத்தினேன். அவங்க குரல் வாக்கியில வந்துச்சு, அதே மெல்லிசு: "திருப்பறேன். இன்னும் பார்த்துக்கிட்டே இருங்க." கப்பல் மெதுவாத் திரும்புச்சு. அந்தப் பழுப்புப் பாறை எங்க வலது பக்கமாக் கடந்து போச்சு. அது மேல கலர் கலரா மீனுங்க சுத்திக்கிட்டு இருந்துச்சு. அவ்ளோ அழகா ஒரு எமனை நான் பார்த்ததில்ல.

அந்த உள்வாங்கின இடத்துல அலை அடங்கி இருந்துச்சு. அலுமினியப் படகு வந்துச்சு. சின்ன க்ரேன்ல ஸ்ட்ரெச்சரைக் கட்டி இறக்கினோம். ஜாஃபர் கண்ணைத் திறந்து பார்த்தான், என்னைத் தெரிஞ்சுக்கல.

பொழைச்சான். ஆனா வெடிச்ச பிறகு திறந்த வயிறு. குடல்ல ஒரு பாகத்தை எடுத்துட்டாங்க, ரெண்டாவது ஆபரேஷனும் பண்ணாங்க. மாசக்கணக்குல படுத்திருந்தான். கடைசியில மெடிக்கல்ல அன்ஃபிட். கடல் அதோட முடிஞ்சு போச்சு அவனுக்கு. பாதியில நின்ன வீட்டோட முன்பக்க ரூம்ல ஃபேன், மோட்டார் ரிப்பேர் கடை போட்டான். மேடம் இதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆனா அந்தத் தீவுல இருந்து கிளம்பின அன்னைக்கே வரைபடம் போடற ஆபீசுக்கு எழுதினாங்க. நாங்க போன தடம், ஆழம், ரேடார் படம், பாறை இருந்த இடம், எல்லாம். ஆபீஸ்காரங்க சந்தேகம் கேட்டாங்க, மேடம் பதில் எழுதினாங்க. திரும்பக் கேட்டாங்க, திரும்ப எழுதினாங்க. கப்பல் மாறினாலும் விடல. வீட்டுல லீவுல இருந்தப்பவும் எழுதிக்கிட்டு இருந்தாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது.

அதுக்கு அடுத்த வருஷம் வேற ஒரு கப்பல்ல மறுபடியும் அவங்க கேப்டன், நான் செகண்ட். ஒரு காலையில வழக்கமான வாரத் திருத்தத்தை எக்டிஸ்ல ஏத்திக்கிட்டு இருந்தேன். எந்தெந்த இடம் மாறியிருக்குன்னு வரிசையா ஓடுச்சு. அதுல அந்தத் தீவு. திறந்து பார்த்தேன். செயற்கைக்கோள் படத்தை வெச்சு சரிபார்த்துட்டாங்க. தீவு மேற்கால நகர்ந்து, அது நிஜமா இருக்கிற இடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்துச்சு. அந்த ஈயக்குண்டு ஆழமெல்லாம் ஒண்ணுகூட மாறாம அதோடவே வந்திருந்துச்சு. பாறை, நான் பார்த்த அதே இடத்துல. எங்க கப்பல்ல மட்டுமா? உலகத்துல ஓடற அத்தனை கப்பல்லயும் ஒரு தீவு எழுந்து நகர்ந்திருக்கு. மேடமைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க அந்தப் பாறைக் குறியை விரலால தொட்டுப் பார்த்தாங்க.

கரை பக்கம், சிக்னல் இருந்துச்சு. ஜாஃபருக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கர்ல. "டேய், தீவை நகர்த்திட்டாங்கடா. பாறையையும் போட்டுட்டாங்க. உன் வயித்து வலி உலகம் பூரா கப்பல்ல ஏறிடுச்சு"ன்னேன். சிரிப்பான்னு நினைச்சேன். பின்னாடி எங்கயோ மோட்டார் ஓடற சத்தம் கேட்டுச்சு. அதை நிறுத்திட்டுக் கேட்டான்:

"அப்போ இனிமே அங்க எவனுக்காவது வயிறு வலிச்சா, காலையிலயே உள்ள போலாம் தானே தாமு? வெயில் ஏறட்டும்னு அவன் படுத்துக் கிடக்க வேணாமே?"

"வேணாம்டா"ன்னேன். மேடம் கதவைத் திறந்துக்கிட்டு வெளியே போய், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கிட்டு நின்னாங்க.